ஈஸா நபியும் இயேசு ஆண்டவரும்: மலையக வாசகர் கேள்விகள்

நத்தார் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்.

"நாங்களும் இயேசுவை நம்புகிறோம்" என்கிறான் என் முஸ்லிம் நண்பன். உண்மையா? (உயர்தர மாணவி, பதுளை)

உண்மைதான். இயேசுவை குர்ஆன் ஈஸா என்கிறது; அந்தப் பெயர் அதில் 25 இடங்களில் வருகிறது. கன்னிக்குப் பிறந்தது, நோயாளிகளைக் குணமாக்கியது, இறந்தவரை எழுப்பியது, 'மஸீஹ்' (மெசியா) என்ற பட்டம் எல்லாம் அங்கேயும் உண்டு. 19ஆவது சூராவுக்கு (அத்தியாயத்துக்கு) பெயரே மர்யம், அதாவது மரியாள். குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண்ணும் அவர்தான். ஆனால் உங்கள் நண்பன் நம்புவது ஒரு பெரிய நபியை. நீங்கள் கும்பிடுவது ஆண்டவரை.

தகப்பன் இல்லாமல் பிறந்தார் என்று இரு பக்கமும் ஒப்புக்கொள்கிறதே, பிறகு 'இறைமகன்' என்பதில் என்ன தகராறு? (மஸ்கெலியா)

உங்கள் ஊர்க்காரர் இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சிவனொளிபாதமலையை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பார்கள் அல்லவா? அந்த ஆதமைத்தான் குர்ஆன் (3:59) உதாரணம் காட்டுகிறது. ஆதமுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. 'ஆகு' என்றான் இறைவன், ஆனார். ஈஸாவும் அப்படியே. அதனால் அவர் மகன் ஆகிவிட மாட்டார் என்பது வாதம்.

கிறிஸ்தவர்களோ கன்னிப் பிறப்பை வைத்து அவரை மகன் என்று சொல்வதில்லை. பிறப்பதற்கு முன்பே, ஆதியிலேயே அவர் கடவுளோடு இருந்தார் என்கிறது யோவான் நற்செய்தி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களும் 'பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்ல' என்று விசுவாசப் பிரமாணத்தில் எழுதினார்கள். இங்கே மகன் என்பது உடல் உறவுப் பேச்சே அல்ல. இதை விளங்காமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

திருத்தூதர் பவுலும் இயேசுவை 'கடைசி ஆதாம்' என்கிறார். முதல் ஆதாமால் பாவமும் சாவும் வந்தன, இவரால் மீட்பு வந்தது என்று. இஸ்லாத்தில் அந்தக் கணக்கே இல்லை. ஆதம் மன்னிப்புக் கேட்டார், இறைவன் மன்னித்தான், அதோடு சரி. பிள்ளைகள் மேல் அந்தப் பாவம் விழவில்லை. என்னைக் கேட்டால் பிரியும் சந்தி இதுதான்.

சிலுவையை ஏன் மறுக்கிறார்கள்? (தலவாக்கலை)

பரம்பரைப் பாவம் இல்லை என்றால், அதற்காக ஒருவர் உயிர் கொடுக்கத் தேவையும் இல்லையே. குர்ஆன் 4:157 அவர்கள் அவரைக் கொல்லவில்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அப்படித் தோன்றியது என்கிறது. இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான். நான்கு நற்செய்திகளும் சிலுவை மரணத்தைச் சொல்கின்றன. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் பிலாத்து காலத்தில் அவர் கொல்லப்பட்டதை எழுதியிருக்கிறார். உயிர்த்தெழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமே வீண் என்றவர் பவுல். இங்கே சமரசத்துக்கு இடமில்லை. இருப்பதாகக் காட்டுவதும் நேர்மையல்ல.

குர்ஆனும் ஈஸாவை 'இறைவனின் வார்த்தை' என்கிறதே? (அக்குறணை)

ஆம், 4:171. 'ஆகு' என்ற சொல்லால் உண்டானவர் என்றே பெரும்பாலான விரிவுரையாளர்கள் பொருள் சொல்வார்கள். யோவானுக்கு அந்த வார்த்தையே கடவுள். அதே வசனம் 'மூன்று என்று சொல்லாதீர்கள்' என்றும் முடிச்சுப் போடுகிறது. ஒரு விஷயம்: கிறிஸ்தவர்களின் மூவொருமையில் மாதா இல்லை. தந்தை, மகன், தூய ஆவி மட்டுமே.

திரும்பி வருவாரா? (நாவலப்பிட்டி)

இருவருமே வருவார் என்கிறார்கள். ஹதீஸின்படி (முஹம்மது நபியின் சொல், செயல் பற்றிய பதிவுகள்) அவர் டமஸ்கஸின் கிழக்கே வெள்ளை மினாராவருகே (கோபுரத்தருகே) இறங்கி, இறுதிக் காலத்தில் வரும் பொய் மெசியாவான தஜ்ஜாலைக் கொல்வார். கிறிஸ்தவர்களுக்கு அவர் வருவது நியாயந்தீர்க்க.

எங்கள் கடை முதலாளி முஸ்லிம். நத்தார் கேக் கொடுக்கலாமா? (ஹட்டன்)

தாராளமாக. அவர் நத்தார் கொண்டாட மாட்டார், வாழ்த்துச் சொல்வதிலும் உலமாக்களிடையே (மார்க்க அறிஞர்களிடையே) கருத்து வேறுபாடு உண்டு. அவர் பதிலுக்கு வாழ்த்தவில்லை என்றால் கோபிக்காதீர்கள். பிரண்டி ஊற்றிய கேக் மட்டும் வேண்டாம், அவருக்கென்று தனியாக ஒன்று செய்யுங்கள்.