ஓர் அத்தியாயத்தைத் திருத்த ஆய்வேடு முழுவதும் ஓட வேண்டுமா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டை லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதுகிறேன். ஏழு அத்தியாயங்களும் ஏழு கோப்புகள். இன்புட் கட்டளையால் மெயின் கோப்பில் சேர்த்திருக்கிறேன். ஒரு கமாவைத் திருத்தினாலும் கம்பைல் ஆகி பிடிஎஃப் வர நெடுநேரம் பிடிக்கிறது. மற்ற அத்தியாயங்களின் வரிகளை கமென்ட் செய்து, அதாவது லேடெக் படிக்காமல் விடும்படி செய்து ஓட்டினால், எண் வர வேண்டிய இடத்தில் ‘படம் ??’ என்று வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பிரித்தது சரி, சேர்த்த விதம்தான் சிக்கல். இன்புட், கோப்பில் உள்ளதை அப்படியே அந்த இடத்தில் கொட்டிவிடும். படம், அத்தியாயம் போன்றவற்றைச் சுட்ட நீங்கள் வைக்கும் பெயர்களான லேபிள்கள் எல்லாம், லேடெக் தானே எழுதிக்கொள்ளும் ஒரே குறிப்புக் கோப்பில் (ஆக்ஸ் கோப்பு) போய்ச் சேரும். ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் அது புதிதாக எழுதப்படுவதால், கமென்ட் செய்த அத்தியாயத்தின் லேபிள்கள் அதில் இருக்காது. ?? வருவது அதனால்தான்.

இன்க்ளூட் கட்டளைக்கு மாறுங்கள். கோப்புப் பெயரை மட்டும் கொடுங்கள், டாட் டெக் வேண்டாம். இது ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனி ஆக்ஸ் கோப்பு எழுதும். முதலில் ?? எல்லாம் மறையும்வரை ஆய்வேட்டை முழுதாக ஓட்டுங்கள். அப்புறம் பிகின் டாகுமென்ட்டுக்கு மேலே இன்க்ளூட்ஒன்லி எழுதி, நீங்கள் திருத்தும் அத்தியாயத்தின், உதாரணமாக நான்காம் அத்தியாயத்தின், கோப்புப் பெயரை மட்டும் கொடுங்கள். பிடிஎஃபில் அந்த அத்தியாயம் மட்டும் வரும். ஆனால் மற்ற அத்தியாயங்களின் பழைய ஆக்ஸ் கோப்புகளையும் லேடெக் படிக்கும். அதனால் அத்தியாய எண் 4 ஆகவே நிற்கும். இரண்டாம் அத்தியாயத்தில் உள்ள படத்தைச் சுட்டினாலும் எண் சரியாக விழும். இடம் அடைக்கிறதே என்று ஆக்ஸ் கோப்புகளை அழித்துவிடாதீர்கள், எல்லாம் அவற்றில்தான் இருக்கிறது.

இன்க்ளூட் எப்போதும் புதுப் பக்கத்தில்தான் தொடங்கும். ஒன்றுக்குள் இன்னொன்றையும் வைக்க முடியாது. ஆகவே அத்தியாயத்துக்குள் வரும் நீண்ட அட்டவணைக்கு இன்புட்டே போதும்.

அத்தியாயங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, அவுட்புட்டை வேறு ஃபோல்டருக்கு அனுப்புகிறவர்கள் ஒரு பிழையில் மாட்டுவார்கள்: ஆக்ஸ் கோப்பை எழுத முடியவில்லை என்று லேடெக் நின்றுவிடும். அவுட்புட் ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கிவிட்டால் தீர்ந்தது. படங்களின் பாதையை மெயின் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து எழுதுங்கள், அத்தியாயக் கோப்பிலிருந்து அல்ல.

சப்ஃபைல்ஸ் பேக்கேஜைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பலர் சேர்ந்து எழுதும் நூலில் அவரவர் பகுதியைத் தனியே கம்பைல் செய்ய அது நல்லது. ஒருவரே எழுதும் ஆய்வேட்டுக்கு அநாவசியம் என்பது என் கருத்து. எத்தனை முறை ஓட்ட வேண்டும் என்ற கணக்கை லேடெக்எம்கே என்ற கருவி பார்த்துக்கொள்ளும், அதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயமே மெதுவாக ஓடினால் பெரும்பாலும் படங்கள்தான் காரணம். கிராஃபிக்ஸ் பேக்கேஜில் டிராஃப்ட் ஆப்ஷன் போட்டால் படத்துக்குப் பதில் வெறும் கட்டம் வரும், வேகம் கூடும்.

நான்காம் அத்தியாயம் இரண்டு பக்கம் நீண்டால், ஐந்தாவதன் பக்க எண்கள் அடுத்த முழு ஓட்டம்வரை பழையபடியே கிடக்கும். அதனால் நெறியாளருக்கு அனுப்புமுன் இன்க்ளூட்ஒன்லி வரியின் முன்னால் ஒரு சதவீதக் குறி போட்டு அதை கமென்ட் ஆக்கி, லேடெக்எம்கேயால் முழுதாக ஓட்டுங்கள். ஓட்டத்தின் செய்திகள் பதிவாகும் லாக் கோப்பில் ஒரே லேபிள் இருமுறை வந்ததாக எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏழு கோப்புகளிலும் ‘முன்னுரை’ என்றே லேபிள் வைத்திருந்தால் நிச்சயம் இருக்கும்.