ஒரு பக்கம் மட்டும் இறங்கவில்லையா?

கேள்வி: வயது 34. சென்னையில் மார்பகத்தைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சை செய்து ஏழு கிழமை. தசைக்குக் கீழே சிலிக்கன் பை வைத்திருக்கிறார்கள். வலது இறங்கிவிட்டது, இடது இன்னும் மேலே ஏறி நிற்கிறது. கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரர், திருத்தத்துக்கு இப்பவே பதிந்தால் மலிவு என்கிறார். போகலாமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: போகவேண்டாம், தங்கச்சி. ஏழு கிழமையில் எந்த நல்ல நிபுணரும் வடிவத்துக்காகத் திரும்ப வெட்டமாட்டார்.

தசைக்குக் கீழே வைத்த பையை நெஞ்சுத் தசை மேல்நோக்கி நெருக்கும். அதனால்தான் தொடக்கத்தில் மேற்பக்கம் புடைத்து, கீழ்ப்பக்கம் தட்டையாகக் கிடக்கும். தசை தளர்ந்து வீக்கமும் வற்ற, பை மெல்ல இறங்கும். கீழ்ப்பக்கத் தோல் இழுபட்டு உருட்சி வரும். இதற்கு மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கவேண்டும் என்றில்லை. அதிகம் வேலை செய்கிற கைப்பக்கம் பிந்துவதுண்டு. நீங்கள் இடக்கைக்காரியோ தெரியாது. சத்திரசிகிச்சைக்கு முந்திய படங்களையும் எடுத்துப் பாருங்கள், அப்போதே இரண்டும் ஒரே அளவாக இருந்திருக்காது.

இரண்டு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு பக்கம் திடீரென்று வீங்கி, தோல் பளபளவென்று இறுகி, நோ கூடினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று எண்ணவேண்டும். சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்று. நடுச்சாமம் என்றாலும் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். ஏஜென்சிக்காரரைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அவர் எண்ணெய் பூசச் சொல்லுவார்.

இவர்களின் 'பக்கேஜ்' பலாலியில் விமானம் இறங்குவதோடு முடிந்துவிடும். செய்துகொண்டு திரும்பி வருகிறவர்களின் கையில் ஹோட்டல் ரசீது இருக்கும், பையின் அட்டை இருக்காது. கொம்பனி, அளவு, தொடர் இலக்கம் எல்லாம் அதில்தான் உண்டு. 2010இல் பிரான்சின் பிஐபி கொம்பனிப் பைகளில் தொழிற்சாலைச் சிலிக்கன் இருந்தது பிடிபட்டது. 2019இல் அலர்கன் கொம்பனி தன் சொரசொரப்பான பைகளைத் திருப்பி எடுத்தது. அட்டை இல்லாவிட்டால் உங்களுடையது எது என்று யார் சொல்வது? இங்கே ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அரைநாள் வரிசையில் இருந்தாலும், 'செய்த இடத்திலேயே காட்டுங்கோ' என்றுதான் அனுப்புவார்கள். சத்திரசிகிச்சைக் குறிப்பு இல்லாமல் அவர்களும் என்னத்தைச் செய்ய?

அட்டையையும் குறிப்பையும் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை, கைகளைத் தொங்கவிட்டு, முன்னாலும் இரு பக்கமும் படம் எடுத்து, சத்திரசிகிச்சை செய்த நிபுணருக்கே நேரே அனுப்புங்கள். ஏஜென்சிக்காரரின் வட்ஸ்அப்புக்கு ஒரு படமும் போகக் கூடாது.