நாடுகடத்துவது நியாயமா? அமெரிக்கச் சட்டம் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவிலிருந்து ஆட்களை வெளியேற்றும் முறை பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. சட்டத்தின் பொதுவான நிலையைத்தான் சொல்கிறேன். உங்கள் சொந்த வழக்கென்றால் காகிதங்களை ஒரு வக்கீலிடம் காட்டாமல் எதையும் செய்யாதீர்கள்.

மதுரை வாசகர்: அனுமதியில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதில் என்ன அநியாயம் சார்? என் வீட்டுக்குள் யாரை விடுவது என்பது என் இஷ்டம்தானே?

ஒரு நாட்டுக்கு அந்த உரிமை இருப்பதை நான் மறுக்கவில்லை. எத்தனை வருஷம் கழித்து அனுப்புகிறார்கள், யார் விசாரிக்கிறார்கள், அனுப்பப்படுகிறவர் வாயைத் திறக்க இடம் கொடுத்தார்களா என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலின் வேர் 1893-ல் வந்த ஃபோங் யூ டிங் வழக்கின் தீர்ப்பு. அதற்கு முந்தைய வருஷம் போட்ட கியரி சட்டம், சீனத் தொழிலாளிகள் எல்லோரும் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டவர், தான் அங்கே சட்டப்படி வசித்தவர் என்று நிரூபிக்க, குறைந்தது ஒரு வெள்ளைக்காரரைச் சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். வழக்குப் போட்ட மூவரில் ஒருவர் முறைப்படி விண்ணப்பித்தும், அவருடைய சாட்சிகள் சீனர்கள் என்று சொல்லிச் சான்றிதழை மறுத்திருந்தார்கள். மூவரையும் வெளியேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடுகடத்தல் தண்டனை ஆகாது, எனவே குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள பாதுகாப்புகள் இவர்களுக்குப் பொருந்தாது என்பதுதான் அது சொன்ன காரணம்.

வெள்ளைச் சாட்சி விதி ஒழிந்தது. ‘தண்டனை ஆகாது’ என்ற கோட்பாடு இன்னும் நடப்பில் இருக்கிறது. அதனால்தான் அரசு செலவில் வக்கீல் கிடையாது. செய்தபோது நாடுகடத்தலுக்குரியதாக இல்லாத குற்றத்தைப் பின்னால் ஒரு சட்டம் போட்டு அப்படி ஆக்கவும் முடிகிறது. 1996-ல் அதுதான் நடந்தது. தப்பின் அளவுக்கு விளைவின் அளவு பொருந்துகிறதா என்று கேட்கவும் பெரும்பாலான வழக்குகளில் நீதிபதிக்கு இடமில்லை. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழப்பது தண்டனை இல்லையென்றால் எதுதான் தண்டனை?

காலத்தையும் பாருங்கள். நெடுங்காலம் ஒழுங்காக வாழ்ந்தவருக்கு நிரந்தர வசிப்புரிமை தர 1929 முதல் ஒரு வழி இருக்கிறது. இன்ன தேதிக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் தேதியைக் கடைசியாக 1986-ல் நகர்த்தினார்கள்: 1972 ஜனவரி 1. அதற்குப் பிறகு தொடவே இல்லை. 30 வருஷமாக அங்கே குடியிருப்பவருக்கும் இந்த வழி அடைபட்டுத்தான் கிடக்கிறது.

கோவை வாசகி: வக்கீல் இல்லை என்றால் குழந்தைகளுக்குமா?

ஆமாம். சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் சட்டம். தனியாக எல்லை கடந்து வந்த சிறு பிள்ளைகள் வக்கீல் இல்லாமல் நீதிபதி முன் நின்றதுண்டு. குடியேற்ற நீதிபதி சுதந்திரமான நீதித்துறையைச் சேர்ந்தவரும் அல்ல. அவர் நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர். அவரை நியமிப்பது அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல். மேல்முறையீட்டு வாரியத்தின் தீர்ப்பையும் அந்த அட்டர்னி ஜெனரலே எடுத்து மாற்றி எழுதலாம்.

டெக்சாஸ் வாசகர்: அண்ணா, தம்பிக்கு ஆஜராகும்படி நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் தேதி போடவில்லை. தேதி இல்லாத நோட்டீஸ் செல்லாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். 2018, 2021 தீர்ப்புகளில் தேதியற்ற நோட்டீசுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அதன் பயன், நாடுகடத்தலை ரத்து செய்யக் கேட்பதற்குத் தேவையான பத்து வருஷ வசிப்பைக் கணக்கிடுவது போன்ற சில விஷயங்களுக்குத்தான். பின்னால் தேதியோடு இன்னொரு நோட்டீஸ் வந்து, அவர் ஆஜராகாவிட்டால், அவர் இல்லாமலே போட்ட உத்தரவு செல்லும் என்று 2024-ல் தீர்ப்பாகிவிட்டது.

இன்றே செய்ய வேண்டியது: நோட்டீசில் ‘ஏ’ என்று தொடங்கும் எண் இருக்கும். அதைப் போட்டு குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கித் தொலைபேசியிலோ இணையதளத்திலோ விசாரணைத் தேதியைப் பாருங்கள். வாரம் ஒருமுறையாவது பாருங்கள், தேதி முன்னே வருவதும் உண்டு. வீடு மாறினால் 5 வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்துக்கு ‘இஓஐஆர்-33’ படிவம், 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்கு ‘ஏஆர்-11’ படிவம். ஒன்றைக் கொடுத்தால் மற்றதற்குத் தானாகப் போகாது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: ஒரு அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், ஆளில்லாமல் உத்தரவு விழும். கடும் நோய் மாதிரியான காரணம் இருந்தால் 180 நாட்களுக்குள் வழக்கை மறுபடி திறக்கக் கேட்கலாம். நோட்டீசே வரவில்லை என்று காட்ட முடிந்தால் காலக்கெடு இல்லை, ஆனால் முகவரியைச் சொல்லாமல் விட்டவருக்கு அந்த வாதம் எடுபடாது.

ஊரில் உயிருக்கு ஆபத்து என்பவராக இருந்தால், தஞ்ச விண்ணப்பத்தை அமெரிக்காவுக்கு வந்து ஒரு வருஷத்துக்குள் கொடுத்தாக வேண்டும். விசாரணை தூரத்தில் இருக்கிறது என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

நியூ ஜெர்சி வாசகி: நான் கிரீன் கார்டு வைத்திருப்பவள். கடையில் பொருள் எடுத்ததாக ஒரு பழைய வழக்கு உண்டு. ஜெயிலுக்கே போகவில்லை. பயப்பட வேண்டுமா?

தண்டனை எத்தனை நாள் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள். திருட்டுக் குற்றத்துக்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விதித்திருந்தால், முழுவதையும் நிறுத்தி வைத்திருந்தாலும், ஒரு நாள்கூட உள்ளே இருக்காவிட்டாலும், குடியேற்றச் சட்டம் அதைக் ‘கடுங்குற்றம்’ என்ற வகையில் சேர்க்கிறது. பிறகு நீதிபதி மனம் இரங்கினாலும் நாடுகடத்தலை ரத்து செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. 364 நாள் என்றால் கதையே வேறு. இந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காகவே கலிபோர்னியா 2015-லும் நியூயார்க் 2019-லும் சிறு குற்றங்களின் உச்சத் தண்டனையை 364 நாளாகக் குறைத்தன.

தண்டனை குறைவு என்றாலும், திருட்டு போன்ற நேர்மைக்கேடான குற்றம் என்றால், அனுமதி பெற்று வந்த 5 வருஷத்துக்குள் செய்த, ஒரு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க இடமுள்ள ஒரு குற்றமோ, எப்போதாவது தனித்தனியாகச் செய்த இரண்டு குற்றங்களோ போதும், நோட்டீஸ் வரலாம். தீர்ப்பு நகலை வாங்கி வக்கீலிடம் காட்டும் வரை வெளிநாட்டுப் பயணமும் வேண்டாம், குடியுரிமை விண்ணப்பமும் வேண்டாம். இரண்டுமே பழைய கோப்பைத் திறந்துவிடும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் வரும் என்று கிரிமினல் வக்கீல் எச்சரித்தாக வேண்டும் என்பது 2010-ல் வந்த பாடில்லா தீர்ப்பு. அதற்குப் பிந்தைய வழக்கில் யாரும் எச்சரிக்கவில்லை என்றால், அந்தத் தீர்ப்பை எதிர்க்க அது உங்களுக்கு ஒரு பிடி.

யாழ்ப்பாண வாசகர்: துரைசிங்கம் வழக்கில் நடந்தது நியாயமா?

இல்லை என்பதே என் கருத்து. இலங்கைத் தமிழரான அவர் 2017-ல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி ஏறக்குறைய 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். அப்படிப் பிடிபட்டவரை முழு விசாரணை இல்லாமல் விரைவாக வெளியேற்றலாம். ‘திரும்பப் போகப் பயம்’ என்று சொன்னால் ஓர் அதிகாரி பேட்டி எடுப்பார். அவர் மறுத்தால் குடியேற்ற நீதிபதி சுருக்கமாகப் பார்ப்பார். சிலர் வந்து தன்னைக் கடத்தி அடித்தார்கள், அவர்கள் யார், ஏன் என்று தெரியாது என்றார் துரைசிங்கம். சொன்னது உண்மை என்று அதிகாரி நம்பினார், ஆனால் இனமோ அரசியலோ காரணம் என்று நிறுவவில்லை என்று மறுத்தார். இலங்கையில் வேனில் தூக்கிப்போகிறவர்கள் பேரும் காரணமும் சொல்லிவிட்டா போவார்கள்? அது அங்கிருந்து வந்தவர்களுக்குத் தெரியும், ஒரு வக்கீல் பக்கத்தில் இருந்தால் எடுத்துச் சொல்லியிருப்பார். அவர் ஆட்கொணர்வு மனுப் போட்டார். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அதைத் தள்ளியது. உயிருக்குப் பயந்து வந்தவரின் கதையில் அதிகாரி தப்பாக முடிவெடுத்தால் வெளியே இருக்கும் ஒரு நீதிமன்றம் சரிபார்க்க முடியாது என்பதே இதன் பொருள்.

பேட்டிக்குப் போகிறவர்களுக்கு: தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், பேச்சு புரியவில்லையென்றால் உடனே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். யார், எப்போது, எங்கே என்பதோடு, ‘ஏன் என்னை’ என்பதற்கு உங்களுக்குத் தெரிந்த அறிகுறிகளை எல்லாம் சொல்லுங்கள்: பேசிய மொழி, போட்டிருந்த உடை, கேட்ட கேள்வி, முன்பு வந்த மிரட்டல்.

ஹூஸ்டன் வாசகர்: ஹெச்-1பி விசாவில் வந்து ஒழுங்காக வரிசையில் நிற்கிறோம். குறுக்கே வந்தவர்களுக்கு மன்னிப்பு என்றால் எங்களுக்கு அநியாயம் இல்லையா?

உங்கள் ஆற்றாமை நியாயமானது. ஆனால் உங்களை நிறுத்தி வைத்திருப்பது, வருஷாந்திர கிரீன் கார்டுகளில் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு. எல்லை தாண்டி வந்தவர் உங்கள் இடத்தைப் பிடிக்கவில்லை. தோட்டத்திலும் கட்டடத்திலும் வேலை செய்பவருக்கு நிற்க வரிசையே கிட்டத்தட்ட இல்லை. பயிற்சியில்லாத தொழிலாளர்களுக்கு, குடும்பத்தையும் சேர்த்து, சட்டம் வைத்த உச்சம் வருஷத்துக்கு 10,000 கிரீன் கார்டு.

நாடுகடத்தல் உங்கள் வீட்டுக்கும் வரும். நான்கு வயதில் உங்களோடு வந்த மகளுக்கு 21 ஆனதும் உங்கள் விசாவின் நிழல் போய்விடும். சிறு வயதில் வந்தவர்களை நாடுகடத்தாமல் விடும் டாக்கா எனப்படும் 2012 பாதுகாப்பும் அவளுக்கு இல்லை, அது அன்றைக்கு அனுமதியில்லாமல் இருந்தவர்களுக்கு மட்டும்தான்! அவள் 20-ஐத் தொடும் முன்பே மாணவர் விசாவுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

சென்னை வாசகர்: 2025 பிப்ரவரியில் அமிர்தசரஸில் 104 பேரை விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் இறக்கினார்களே?

விலங்கு 2012 முதல் உள்ள நடைமுறை என்று நம் வெளியுறவு அமைச்சர் மாநிலங்களவையில் சொன்னார். பழைய நடைமுறை என்பதால் சரியாகிவிடாது. தண்டனை ஆகாது என்று 1893 முதல் சொல்கிறவர்கள் எதற்காகக் காலில் சங்கிலி போடுகிறார்கள்?

மண்டபம் வாசகர்: நம் நாடு மட்டும் யோக்கியமா ஐயா?

இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. வெளிநாட்டவர் பற்றிய சட்டத்தில் ‘நான் வெளிநாட்டவன் அல்ல’ என்று நிரூபிக்கும் சுமை அந்த ஆள் தலையில்தான். இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவர்கள் பிறந்த தேதியைப் பாருங்கள்: 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாரானாலும், பிறப்பால் குடியுரிமை உண்டு. பிறப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

அட்லாண்டா வாசகர்: விசா முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. நானே டிக்கெட் போட்டுப் போய்விட்டால் தொல்லை தீருமா?

போகும் முன் கணக்குப் போடுங்கள். தங்க அனுமதித்த காலம் கடந்து 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டுக் கிளம்பினால் 3 வருஷம், ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் 10 வருஷம் திரும்பி வரத் தடை. 18 வயதுக்கு முந்தைய காலம் கணக்கில் வராது. இந்தத் தடை, கிளம்பும் நொடியில்தான் விழுகிறது. அதனால் போக நினைப்பவர்கூடப் போகாமல் ஒளிந்திருக்கிறார். 1996-ல் எழுதிய சட்டத்தின் கோளாறு இது.

வழக்கு தொடங்கிவிட்டதென்றால் சொல்லாமல் கிளம்பவே கூடாது. வாய்தா நாளில் ஆளில்லை என்று வெளியேற்ற உத்தரவு விழும், அதற்குத் தனித் தடை உண்டு. நீதிபதியிடம் ‘சுயமாக வெளியேறுகிறேன்’ என்று அனுமதி கேளுங்கள். வழக்கின் ஆரம்பத்தில் கேட்டால் 120 நாள் வரை, முடிவில் கேட்டால் 60 நாள் வரை கிடைக்கும். முடிவில் குறைந்தது 500 டாலர் பிணைத்தொகையும் கட்ட வேண்டும். ஒப்புக்கொண்டு போகாமல் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், 10 வருஷத்துக்கு வேறு நிவாரணமும் இல்லை. ஊருக்குப் போனதும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரில் ஆஜராகி, வெளியேறியதை ‘ஜி-146’ படிவத்தில் பதிவு செய்து நகல் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் கோப்பில் நீங்கள் போகவே இல்லை என்றுதான் இருக்கும், பிணைத்தொகையும் திரும்பாது.