செயலி (புராசசர்) தன்னையே சோதித்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றால் நம்பலாமா?

கேள்வி: கார் பிரேக், ரயில் சிக்னல், விமானம் மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் இருக்கும் செயலி, ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைச் சோதித்துக்கொள்கிறதாமே? கெட்டுப்போன செயலிக்குத் தான் கெட்டது எப்படித் தெரியும்?

சோதித்துக்கொள்வது உண்மைதான். ஆனால் அதன் வாக்கை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. வண்டிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் இந்த விஷயம் எனக்கு முதலில் உறைத்தது தங்கச்சிமடத்தில், சித்தப்பாவின் விசைப்படகில்.

இரவு நேரம், வலையை இழுத்துக்கொண்டு படகு போகிறது. ஜிபிஎஸ் பெட்டியில் வெளிச்சம் இருக்கிறது, எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. சித்தப்பா அதைப் பார்த்தார், திரும்பி ராமேஸ்வரம் டிவி டவரின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். “டவர் இடம் மாறிக்கிட்டே இருக்கு, இதுல கடைசி நம்பர்கூட மாறலையேடா” என்றார். பெட்டி எப்போதோ உறைந்துபோயிருக்கிறது. எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கும் கடலில் இது விளையாட்டுக் காரியமில்லை. திரை அணைந்து போயிருந்தால் உடனே தெரிந்திருக்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சுயசோதனை நிரல் எழுதினேன். 5-ஐயும் 3-ஐயும் கூட்டு, 8 வருகிறதா பார், வராவிட்டால் நிறுத்து. சி மொழியில் பத்தே வரி. எங்கள் டீம் லீடர் மேடம், கம்பைலர் (நிரலைச் செயலிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) உருவாக்கிய அசெம்பிளியை, அதாவது செயலிக்கான கட்டளைப் பட்டியலைத் திறக்கச் சொன்னார். அதில் கூட்டலே இல்லை! எப்படியும் 8தானே என்று கம்பைலரே கணக்குப் போட்டு மொத்தத்தையும் தூக்கிவிட்டது. சரி என்று அசெம்பிளியிலேயே எழுதிக்கொண்டு போனேன். “இப்ப ஒப்பிடுற கட்டளையே கெட்டிருந்தா?” என்றார். எதைக் கொடுத்தாலும் ‘சமம்’ என்று சொல்லும் செயலியில் என் சோதனை ஆயுசுக்கும் பாஸ்தான்.

அதனால்தான் தீர்ப்புச் சொல்லும் வேலையை வேறொரு சில்லுக்குக் கொடுக்கிறார்கள். செயலி தன் கட்டளைகளை 0101, 1010 போன்ற வடிவங்களோடு ஓட்டிப் பார்த்து, வந்த விடைகளையெல்லாம் சுருட்டி ஒரே எண்ணாக்கும். வெளியே இருக்கும் வாட்ச்டாக் (காவல் நாய்) சில்லு ஒரு கேள்வி அனுப்பும். அந்த எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, குறித்த நேர இடைவெளிக்குள் பதில் தரவேண்டும். தாமதித்தாலும் தப்பு, முந்திக்கொண்டாலும் தப்பு. பதில் தொடர்ந்து பிசகினால் வாட்ச்டாக் செயலியை ரீசெட் செய்யும், அல்லது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே வெட்டிவிடும்.

நினைவகத்துக்கு ‘மார்ச்’ சோதனை. எல்லாக் கட்டத்திலும் 0 எழுது. கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் படித்து, 0 இருந்தால் 1 ஆக்கு. அப்புறம் மேலிருந்து கீழே வந்து திரும்ப 0 ஆக்கு. ஒரு கட்டத்தில் எழுதினால் பக்கத்துக் கட்டம் கெடுகிறதா என்பது இரண்டு திசையிலும் நடந்தால்தான் சிக்கும். வண்டி ஓடும்போது மொத்தமாகச் செய்தால் தரவு அழிந்துவிடும். எனவே ஒரு சின்னத் துண்டை வேறிடத்தில் பத்திரப்படுத்தி, சோதித்து, திரும்ப வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போவோம்.

இதெல்லாம் வீண் பயமா என்றால், இல்லை. 2021-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு கோரைப் (செயலிக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி) பற்றி எழுதினார்கள். அது ஏஇஎஸ் மறையாக்கத்தை (தரவைப் பூட்டும் முறை) தப்பாகச் செய்தது. அதே கோரில் பிரித்தால் மூலத் தரவு அச்சுப் பிசகாமல் வந்தது, வேறு கோரில் பிரித்தால் குப்பை. தானே பூட்டித் தானே திறந்து பார்க்கும் சோதனையில் இது மாட்டவே மாட்டாது. அதே ஆண்டு ஃபேஸ்புக் பொறியாளர்கள் சொன்னது இன்னொன்று: 1.1-இன் 53-ஆம் அடுக்கைக் கேட்டால் முழு எண்ணாக 156 வரவேண்டும், வந்தது 0. 52-ஆம் அடுக்குக்கு ஒழுங்காக 142 வந்தது!

பிரேக், ஸ்டீயரிங் போன்றவற்றுக்கு ‘லாக்ஸ்டெப்’ வைக்கிறார்கள். இரண்டு கோர்கள் ஒரே நிரலை ஓட்டும், தனிச் சுற்று ஒன்று ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இரண்டின் வெளியீட்டையும் ஒப்பிடும். பெரும்பாலும் ஒரு கோரை இரண்டு துடிப்பு பின்னால் ஓடவிடுவார்கள். ஒரே மின் உதறல் இரண்டையும் ஒரே மாதிரிக் கெடுத்துவிட்டால் ஒப்பிட்டுப் பயனில்லையே.

சரி, தப்பைக் கண்டுபிடித்தாயிற்று, அப்புறம்? ரயிலுக்குச் சுலபம்: சிவப்பு போட்டு நிறுத்திவிடலாம். பாம்பன் பாலத்தில் காற்று குறித்த வேகத்தைத் தாண்டினால் சிவப்பு விழும், மண்டபத்தில் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். நடுவானில் விமானத்தை அப்படி நிறுத்த முடியாது. அதனால் போயிங் 777-இல் மூன்று பறப்புக் கணினிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் இன்டெல், மோட்டோரோலா, ஏஎம்டி என்று மூன்று வேறு வேறு செயலிகள். ஒன்று கெட்டாலும் மற்றவை ஓட்டும்; வேறு வேறு வகை என்பதால் ஒரே குறை எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்ப்பது அரிது.

சித்தப்பா இரண்டாவது ஜிபிஎஸ் வாங்கப் போனபோது வேற கம்பெனிதான் வாங்கணும் என்று சொல்லியிருந்தேன். அப்படியே வாங்கினார். போன லீவில் போய்ப் பார்த்தால், இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து வரும், உப்பேறிப் பச்சை பூத்த ஒரே ஒயரில் மாட்டியிருக்கிறார். தனி பேட்டரி வைத்து ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.