அண்ணனுக்குக் கிட்னி கொடுப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அண்ணிக்குச் சர்க்கரை இருப்பதால் அவரால் கொடுக்க முடியாது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. மிச்சம் நான்தான். எங்கள் இருவருக்கும் ஒரே இரத்தப் பிரிவு என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. என் மனைவி மட்டும் "நமக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்று ஒருமுறை சொன்னாள், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு 36 வயது. கொடுக்கலாம் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனால் பயமாக இருக்கிறது. கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்கப் பயப்படுகிறேனே, நானெல்லாம் என்ன தம்பி?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர், தன் உடம்புக்கு எந்தப் பலனும் தராத அறுவை சிகிச்சைக்குப் போய்ப் படுக்கிறார். பயம் வராமல் என்ன செய்யும்? அதற்கும் அண்ணன்மேல் இருக்கும் பாசத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அறுவை சிகிச்சையில் உயிர் போகும் வாய்ப்பு 10,000 பேரில் மூன்று என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அண்மைக்கால அமெரிக்கக் கணக்கில் அது ஒன்றுக்கும் கீழே வந்திருக்கிறது. மிஞ்சுகிற சிறுநீரகம் சற்றுப் பெருத்து, வேலையைக் கூட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அது ஒன்றே செய்துவிடும், அன்றாட வாழ்க்கைக்கு அது தாராளம். ஆனால் பிற்காலக் கணக்கு வேறு. 2014-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, கொடுத்தவர்களில் 10,000-க்கு 90 பேருக்கு வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். அதே அளவு ஆரோக்கியத்தோடு கொடுக்காமல் இருப்பவர்களில் அது 14. சின்ன எண்தான், ஆனால் ஆறு மடங்கு. உங்கள் மனைவி அந்த ஒரு வரியில் கேட்டதும் இதைத்தான். அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.

அண்ணனுக்கு எதனால் இப்படி ஆனது என்று நீங்கள் எழுதவே இல்லை. முதலில் தெரியவேண்டியது அதுதான். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் நோய் போலப் பரம்பரையாக வருவது என்றால், அது உங்களிடமும் சத்தமில்லாமல் இருக்கலாம். சர்க்கரையால் என்றால், 36 வயதில் உங்களுக்கு இல்லை என்பது மட்டும் போதாது, இனிமேல் வருமா என்றும் யோசிக்க வேண்டும். இளம் வயதில் கொடுப்பவர்கள் விஷயத்தில் மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான்.

இரத்தப் பிரிவு ஒத்துப்போனதும் எல்லாமே ஒத்துப்போய்விட்டதாக உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு, அண்ணனின் இரத்தம் உங்கள் செல்களை எதிர்க்கிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் இருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பார்கள், சி.டி. ஸ்கேனில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாய்கள் எத்தனை என்றுகூட எண்ணுவார்கள். பாதியிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நிறைய. ஆகவே பரிசோதனைக்குப் போங்கள். ஆனால் பரிசோதனைக்குத்தான் சம்மதித்திருக்கிறேன், கொடுக்க இன்னும் சம்மதிக்கவில்லை என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு ரிசல்ட்டும் நல்லபடியாக வரவர உங்களால் பின்வாங்க முடியாது.

முறையான மையமாக இருந்தால் குடும்பத்தார் யாரும் இல்லாமல் உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். பேசவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். எனக்கு விருப்பமில்லை என்று அங்கே சொன்னால், "இவர் கொடுக்கத் தகுந்தவர் இல்லை" என்று மட்டும் வீட்டாருக்குச் சொல்லிவிடுவது பல மையங்களில் வழக்கம். மயக்க மருந்து கொடுக்கும்வரை மனம் மாறலாம்.

கொடுப்பது என்று முடிவானால் இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் வயிற்றுக்குள் வாயு நிரப்புவதால் அடுத்த நாள் தோள்பட்டை வலிக்கும். வெட்டியது வயிற்றில், வலிப்பது தோளில் என்று பலர் பயந்துபோகிறார்கள். நாலிலிருந்து ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக்கூடாது, பிள்ளையையும்தான். பெரும்பாலும் அண்ணன் முகம் தெளிந்து உட்கார்ந்திருப்பார், நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடப்பீர்கள். எல்லோரும் அவர் கட்டிலைச் சுற்றித்தான் நிற்பார்கள். உங்களுக்கென்று துணைக்கு ஒருவரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் பாஸ்டனில் நடந்தது. அறுவை செய்தது ஜோசப் முர்ரே குழு. கொடுத்தவர் ரொனால்ட் ஹெரிக், பெற்றவர் அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்ட். முந்தின இரவு ரிச்சர்ட், கிளம்பி வீட்டுக்குப் போய்விடு என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். ரொனால்ட் போகவில்லை. ரிச்சர்டுக்கு அதனால் எட்டு ஆண்டுகள் கிடைத்தன. ரொனால்ட் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 79 வயதுவரை இருந்து 2010-இல் இறந்தார்.

நான் கவனிப்பது அந்தச் சீட்டை. வாங்கிக்கொள்கிறவருக்கும் ஒரு மனசு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அம்மா இருக்கிறார், அண்ணி இருக்கிறார், மனைவி இருக்கிறார். அண்ணன் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. டயாலிசிஸ் நாலு மணி நேரம் போகும், பக்கத்தில் உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது. அண்ணி இல்லாத ஒரு நாளாகப் பார்த்துப் போங்கள். பயமாக இருக்கிறது என்பதையும் அவரிடமே சொல்லுங்கள்.