லாபத்தில் பங்கு வாங்குங்கள், கூட்டாளி ஆகாதீர்கள்

கேள்வி (மான்செஸ்டர், 1879 டிசம்பர்): துணி ஏற்றுமதிக் கிட்டங்கியில் குமாஸ்தா வேலை. ஆண்டுச் சம்பளம் 80 பவுண்டு. தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து 20 பவுண்டு வருகிறது. அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் 60 பவுண்டு இருக்கிறது. அதை முதலாகப் போட்டால் லாபத்தில் 20-இல் ஒரு பங்கு தந்து கூட்டாளியாகச் சேர்ப்பதாக முதலாளிகள் சொல்கிறார்கள். ஆர்கனை விட்டுவிட வேண்டுமாம். சேரலாமா?

பதில்: கூட்டாளியாக வேண்டாம். நஷ்டம் வந்தால் 60 பவுண்டோடு போகாது. கூட்டு வணிகத்தின் மொத்தக் கடனுக்கும் கடன்காரர்கள் உங்களைப் பிடிக்கலாம். 20-இல் ஒரு பங்கு என்பது உங்களுக்குள் மட்டுமே செல்லும் கணக்கு. சென்ற ஆண்டு அக்டோபரில் கவிழ்ந்த சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கியைப் பாருங்கள். பொறுப்புக்கு வரம்பில்லாததால், 100 பவுண்டு பங்கு வைத்திருந்தவரிடம் முதலில் 500, பிறகு 2,250 பவுண்டு கேட்டார்கள்.

லாபம் வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. ஊழியர் தன் உழைப்புக்கு ஈடாக லாபத்தில் பங்கு பெறுவதாலேயே கூட்டாளி ஆகிவிடமாட்டார் என்கிறது 1865-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே முதல் எதுவும் போடாமல், 'சம்பளத்தோடு நிகர லாபத்தில் இவ்வளவு' என்று எழுதி வாங்குங்கள். நிகர லாபம் எப்படிக் கணக்கிடப்படும், முதலாளிகளின் முதலுக்கு வட்டி கழித்த பிறகா என்பதும் அதில் இருக்கட்டும். தகராறு அங்கேதான் கிளம்பும். நிறுவனத்தின் கடிதத்தாளில் உங்கள் பெயர் வரக்கூடாது. நிறுவனத்தின் மாற்றுச்சீட்டில் (குறித்த நாளில் பணம் தரச் சொல்லும் வணிகச் சீட்டு) சொந்தப் பெயரில் கையெழுத்தும் போடாதீர்கள். கூட்டாளியாகக் காட்டிக்கொண்டால், அதை நம்பிக் கடன் கொடுத்தவரிடம் சட்டம் உங்களைக் காப்பாற்றாது.

'கூட்டாளியாக வேண்டாம், லாபத்தைப் பொறுத்து வட்டி தருகிறோம், கடனாகக் கொடு' என்றும் கேட்பார்கள். அதற்கும் அதே சட்டம் இடம் தருகிறது. ஆனால் நிறுவனம் திவாலானால் மற்றக் கடன்காரர்களுக்குக் கொடுத்து மிஞ்சினால்தான் உங்களுக்கு. மிஞ்சுவது அபூர்வம்.

அஞ்சலகம் முழு பவுண்டுக்கு ஆண்டுக்கு 6 பென்ஸ் தருகிறது. 60 பவுண்டுக்கு 30 ஷில்லிங், அதாவது ஒன்றரை பவுண்டு. சொற்பம்தான், ஆனால் அரசு உத்தரவாதம். ஆண்டுக்கு 30 பவுண்டுக்கு மேல் அங்கே போட முடியாது.

ஆர்கன் வருமானம் உங்கள் மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்கு, பருத்தி விலையோடு ஏறி இறங்காத பங்கு. அதை விடச் சொல்பவர்கள் சம்பளத்தில் அந்த 20 பவுண்டைக் கூட்டித் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து 100 பவுண்டுதான். 150 பவுண்டு வரை வருமான வரி கிடையாது. தேவாலயத்திடம் மூன்று மாத முன்னறிவிப்பு நிபந்தனையை எழுத்தில் வாங்கி வையுங்கள். கப்பல் தபால் நாளில் கிட்டங்கி விளக்கு அணைய நேரமாகும். பாடகர் குழுவின் பயிற்சி அந்த மாலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.