இலக்கு வில்வித்தை: அம்பும் துணைக்கருவிகளும் வாங்கும் முன் – கேள்வி பதில்

கேள்வி: சொந்தமாக ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) வாங்கிவிட்டேன். லிம்பில் (வில்லின் வளையும் கிளையில்) ‘68 அங்குலம், 30 பவுண்டு’ என்று அச்சிட்டிருக்கிறது. அம்புக்கு ஒருவர் 600 ஸ்பைன் என்கிறார், இன்னொருவர் 900 என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் இழுநீளத்தையும், முழுதாக இழுத்து நிற்கும்போது விரல்கள் தாங்கும் எடையையும் அளக்காமல் யார் சொன்னாலும் அது ஊகம்தான். முதலில் இந்த இரண்டையும் அளந்துவிடுங்கள்.

லிம்பில் இருக்கும் 30 பவுண்டு, 25 அங்குல ரைசரில் (கைப்பிடி உள்ள நடுத்துண்டில்) பூட்டி 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. அந்த 28 அங்குலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: முழு இழுப்பில் நாணிலிருந்து கைப்பிடியின் ஆழமான புள்ளி வரை உள்ள தூரத்தோடு 1¾ அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும். அதைவிட ஓர் அங்குலம் குறைவாக இழுப்பவருக்கு ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். ரைசர் 23 அங்குலமாக இருந்தால் ஏறக்குறைய 2 பவுண்டு கூடும். ஆக, 30 என்று எழுதிய லிம்ப் ஒருவர் கையில் 26, இன்னொருவர் கையில் 33. கொக்கி வைத்த தராசு ஒன்றை நாணில் மாட்டி, நீங்கள் வழக்கமாக நிற்கும் நீளம் வரை இழுத்துப் பார்த்தால் உண்மை எடை தெரிந்துவிடும். அளப்பதற்கு நீளமான அம்பு ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். ரைசரின் முன்பக்க விளிம்பு வரும் இடத்தில் இன்னொருவர் அம்பில் பேனாவால் கோடு போடட்டும். தனியாக நின்று நீங்களே எட்டிப் பார்த்தால் தோள் திரும்பிவிடும், அளவு தப்பாகிவிடும்.

அடுத்தது ஸ்பைன் எண். 28 அங்குல இடைவெளியில் இரண்டு முட்டுகள் மேல் ஷாஃப்டை (அம்பின் தண்டை) வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதே இந்த எண். 0.600 அங்குலம் தொய்ந்தால் 600; 0.900 தொய்ந்தால் 900. எண் கூடக்கூட அம்பு தளர்ச்சி. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ‘பெரிய எண் பலமானது’ என்று வாங்கிவிடுகிறார்கள்.

விரலால் நாணை விடும்போது அது நேராக முன்னே போவதில்லை. விரல் நுனியைச் சுற்றிக்கொண்டு சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்துதான் போகும். அதனால் அம்பு வளைந்து, நிமிர்ந்து, மறுபக்கம் வளைந்து ரைசரைத் தாண்டுகிறது. வில்லின் தள்ளுவிசைக்கு ஏற்ற அளவில் வளையாத அம்பு, பிளஞ்சரிலோ (அம்பின் பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பொத்தான்) ரைசரிலோ உரசிப் பக்கம் மாறும். 27 அங்குலம் இழுத்து, விரலில் 28 பவுண்டு தாங்கி, ஏறக்குறைய 28 அங்குல அம்பு எய்பவருக்குத் தயாரிப்பாளர் அட்டவணைகள் 800, 900 பக்கமாகத்தான் கைகாட்டும். 600 அவருக்கு மிக விறைப்பு. வலக்கைக்காரர் என்றால் அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். பார்வைக் கருவியை நகர்த்தி ஒரு தூரத்துக்குச் சரிக்கட்டலாம். தூரம் மாறினால் குட்டு வெளிப்படும்.

இரண்டு எண்களுக்கு நடுவே தடுமாறினால் தளர்ந்ததை வாங்கி, வெட்டாமல் நீளமாக வைத்திருங்கள். ஓர் அங்குலம் வெட்டினால், வில்லில் 5 பவுண்டு கூடினாலும் தாங்கும் அளவுக்கு அம்பு விறைப்பாகும். தளர்ந்த அம்பை வெட்டி வழிக்குக் கொண்டுவரலாம். விறைத்த அம்பை நீட்ட முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோர் இதை மறக்கக் கூடாது: இழுநீளம் கூடும் என்று தெரிந்தும் ‘அளவாக’ வெட்டிவிட்டால், சில மாதங்களில் அம்பின் நுனி ரெஸ்டுக்கு (அம்பைத் தாங்கும் கம்பிக்கு) பின்னால் வந்துவிடும். அப்படி எய்வது இடது கைக்கு நேரடி ஆபத்து. புதியவருக்கு அந்தப் பேனாக் கோட்டைத் தாண்டி முன்னே 2 அங்குலமாவது இருக்கட்டும். அம்பின் நீளம் என்பது நாக்கின் (‘நாக்’ – அம்பின் வாலில் நாணில் மாட்டும் துண்டு) பள்ளத்திலிருந்து ஷாஃப்ட் முடியும் இடம் வரை. பாயிண்ட் (முன்னால் பொருத்தும் உலோக நுனி) அதில் சேராது. கடையில் வெட்டித் தரச் சொல்லும்போது இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: உள்ளரங்குக்கும் வெளிமைதானத்துக்கும் ஒரே அம்பு போதுமா? அலுமினியமா, கார்பனா?

பதில்: முதல் ஆண்டு ஒரே செட் போதும். அது கார்பனாக இருக்கட்டும்.

18 மீட்டரில் 40 செ.மீ. இலக்குத்தாளுக்குத் தடித்த அலுமினிய அம்பு நல்லது. கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண் என்பதால் தடிமன் சில புள்ளிகளைக் கொண்டுவரும். 70 மீட்டரில் அதே தடிமனும் எடையும் எதிரி: காற்று அதிகம் பிடிக்கும், அம்பு தாழ்ந்துபோகும், 30 பவுண்டுக்கு உட்பட்ட வில்லில் இலக்கை எட்டுவதே பாடாகிவிடும்.

அலுமினிய அம்பின் மேல் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். முதல் இரண்டு இலக்கம் விட்டம், அங்குலத்தின் 64-இல் எத்தனை பங்கு என்று. அடுத்த இரண்டு, குழாய்ச் சுவரின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை என்று. 1816 என்றால் 18/64 அங்குல விட்டம், 0.016 அங்குலச் சுவர். வேர்ல்ட் ஆர்ச்சரி (உலக வில்வித்தைக் கூட்டமைப்பு) விதிப்படி ஷாஃப்டின் விட்டம் 9.3 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது, பாயிண்ட் 9.4 மி.மீ. வரை போகலாம். 2315 ஏறக்குறைய 9.1 மி.மீ., ஆகவே செல்லும். 2712 ஏறக்குறைய 10.7 மி.மீ., அந்த விதியில் நடக்கும் போட்டிக்குச் செல்லாது. கழிவு விலையில் கிடைக்கிறது என்று தடித்த அம்பு வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கார்பனில் ‘நேர்த்தி 0.006, 0.003, 0.001’ (அம்பு எத்தனை அங்குலம் வரை கோணலாக இருக்கலாம் என்ற அளவு) என்று விலை ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் 0.006 தாராளமாகப் போதும். அதைவிட, 12 அம்பும் எடையில் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கிரெய்ன் (அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு) காட்டும் சிறு தராசில் ஒவ்வொன்றாக வைத்து, ஒதுங்கி நிற்பதைப் பயிற்சிக்கு எடுத்து வையுங்கள். தகுதிச் சுற்றில் ஒரு முறைக்கு 6 அம்பு என்பதால், ஒத்த அம்பு 8 கையில் இருந்தால் ஒன்றிரண்டு உடைந்தாலும் கலங்க வேண்டியதில்லை.

கேள்வி: இறகில்லாத அம்பு எய்து சோதிக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது எப்போதும் இடப்பக்கம் போகிறது. அம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் இறகுள்ள அம்புகள் 18 மீட்டரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் சேர்ந்து விழுகின்றனவா? இல்லையென்றால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது, பயிற்சிதான் வேண்டும்.

சேர்ந்து விழுகின்றன என்றால், இறகுள்ள 3, இறகில்லாத 2 எய்யுங்கள். இறகு இருக்கும் இடத்தில் அதே எடைக்கு ஒட்டும் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் இலேசாகி, அம்பு உள்ளதைவிட வேறு மாதிரி நடக்கும். முதலில் உயரம்: இறகில்லாதது தாழ்ந்து விழுந்தால் நாணில் அம்பு மாட்டும் புள்ளி மேலே இருக்கிறது, அரை மில்லிமீட்டராகக் கீழே இறக்குங்கள். உயர்ந்து விழுந்தால் நேர்மாறு. உயரம் சரியான பிறகுதான் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் குழம்பும்.

வலக்கைக்காரருக்கு இறகில்லாதது இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் தளர்ச்சி. உங்களுக்கு விறைப்பு என்றே வைத்துக்கொள்வோம். பிளஞ்சரின் ஸ்பிரிங்கைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். அதற்கு முன், வில்லைப் பின்னாலிருந்து பார்க்கும்போது அம்பின் நுனி நாணுக்கு மிகச் சிறிதளவு இடப்புறம் தெரிகிறதா என்று சரிபாருங்கள். நுனி வெகுதூரம் வெளியே நின்றாலும் இடப்பக்கம்தான் போகும், அது அம்பின் குற்றமல்ல. ஐஎல்எஃப் (லிம்பைக் கழற்றி மாட்டும் பொதுப் பொருத்தமுறை) வில்லில் லிம்ப் போல்ட்டை இருபுறமும் ஒரே அளவு திருகி எடையைச் சற்றுக் கூட்டலாம். அதற்கும் மசியாவிட்டால் பாயிண்டை 100 கிரெய்னிலிருந்து 120-க்கு மாற்றுங்கள். எடை கூடிய நுனி அம்பை அதிகம் வளைய வைக்கும். இவை எல்லாம் செய்தும் ஒரு சாண் விலகி விழுந்தால்தான் ஸ்பைன் தப்பு.

இதனால்தான் 12 ஷாஃப்டை ஒட்டுமொத்தமாக வாங்கும் முன், ஒற்றையாக விற்கும் கடையில் அதே ரகத்தில் 2 மட்டும் வாங்கிச் சோதிப்பது புத்திசாலித்தனம்.

கேள்வி: நாக் நாணில் ‘டிக்’கென்று மாட்டினால் போதும்தானே?

பதில்: மாட்டுவது பாதி, விடுவது மீதி. நாணிலிருந்து அம்பை நேர்கீழாகத் தொங்கவிட்டு, நாக்கிலிருந்து 3 செ.மீ. தள்ளி நாணை விரலால் சுண்டுங்கள். உடனே விழ வேண்டும். தானாகவே நழுவினால் தளர்வு. எய்யும் கணத்தில் நாக் நழுவினால் அம்பில்லாமல் வில்லை விட்டதாகிவிடும், லிம்ப் பிளக்கலாம். சுண்டியும் விழாவிட்டால் இறுக்கம்; அம்பு உயரத்தில் தாறுமாறாகச் சிதறும். நாக்கை மாற்றுவதைவிட நாணின் நடுச் சர்விங்கை (நாண் மேல் சுற்றிய காப்பு நூலை) மெல்லிய அல்லது தடித்த நூலால் மறுபடி சுற்றுவதே மலிவு.

கேள்வி: கையில் இருப்பது குறைந்த பணம். ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் நிறுத்தும் தண்டு), சைட் (பார்வைக் கருவி), பிளஞ்சர் மூன்றில் எதை நல்லதாக வாங்குவது?

பதில்: ஃபிங்கர் டேப்பை (நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் துண்டு) முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அம்பையும் விடுவது அதுதான். விரலைவிடப் பெரிய டேப் மடிந்து நாணைத் திருப்பும், அதற்குப் பிறகு எந்தக் கருவியும் காப்பாற்றாது. அடுத்தது பிளஞ்சர். வாங்கும்போது பொத்தானைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். அமுக்கிவிட்டால் சொரசொரப்பில்லாமல் திரும்ப வேண்டும், பூட்டுத் திருகு பிடித்து நிற்க வேண்டும். நாளடைவில் பொத்தானின் நுனி ஒரு பக்கம் தேய்ந்து பள்ளம் விழும், நுனி தனியாகக் கிடைக்கும் ரகமாகப் பாருங்கள்.

சைட்டில் நான் பணம் போடச் சொல்வது பூட்டுகளுக்கு. 72 அம்பின் அதிர்வில் திருகு தளர்ந்து குறிமுள் கீழிறங்குவதை, ‘என் விடுகையில் தப்பு’ என்று நினைத்துப் பலர் மணிக்கணக்கில் தங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பூட்டிய பிறகு முள்ளைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் நகர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள். குறைந்த எடை வில்லோடு 70 மீட்டருக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சைட் மிகவும் கீழே இறங்கி அம்பின் பாதைக்கே வந்துவிடும். நீட்டுக்கட்டையை (சைட்டைத் தாங்கி முன்னே நீளும் கட்டையை) வில்லை நோக்கி உள்ளே தள்ளினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதனால் பல நிலைகளில் பூட்டக்கூடிய கட்டையாக வாங்குங்கள்.

ஸ்டெபிலைசர் கடைசி. நீண்ட தண்டு ஒன்று, 26 முதல் 30 அங்குலத்துக்குள், நுனியில் சிறு எடையோடு போதும். பக்கத் தண்டுகளைத் தோள் பலப்பட்ட பிறகு வாங்கலாம். முழுச் செட்டையும் முதல் நாளே மாட்டினால் 40-ஆவது அம்பிலேயே இடது தோள் ஏறிவிடும். மரையையும் பாருங்கள்: ரைசரின் துளை பெரும்பாலும் 5/16-24 (அங்குலத்தில் விட்டம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை), நுனி எடைகளில் 1/4-20 மரையும் புழங்குகிறது. இரண்டும் பொருந்தாது, பலவந்தமாகத் திருகினால் தண்டின் மரையே போய்விடும்.

கேள்வி: பழைய கார்பன் அம்பு பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: ஒவ்வோர் அம்பையும் நீங்களே சோதிக்க விட்டால் மட்டும். இரு முனையையும் பிடித்து, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக இலேசாக வளைத்து, கால் கால் சுற்றாகத் திருப்பி நான்கு பக்கமும் வளையுங்கள். நொறுங்கும் சத்தம், விரலில் நெருடல், எதிர்பாராத தளர்ச்சி, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடைத்துக் குப்பையில் போடுங்கள்; ஒதுக்கி வைத்தால் வேறு யாராவது எடுத்து எய்வார்கள். விரிசல் விட்ட கார்பன், நாண் தள்ளும் கணத்தில் சிதறி வில் பிடித்த கையில் ஏறும்.

பாயிண்டை மாற்ற வேண்டியிருந்தால் சூட்டில் உருகும் பசையால் ஒட்டியதா என்று கேளுங்கள். பாயிண்டின் உலோகத்தை மட்டும் சூடாக்கி இழுக்க வேண்டும். தீயைக் கார்பனில் காட்டினால் இழைகளைப் பிடித்திருக்கும் பிசின் கெட்டு, வெளியே ஒன்றும் தெரியாமலே அம்பு பலமிழக்கும்.

கேள்வி: முதல் போட்டிக்கு முன் கருவிச் சோதனையில் எதைப் பார்ப்பார்கள்?

பதில்: ஒவ்வொரு ஷாஃப்டிலும் உங்கள் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். ஒரே சுற்றில் எய்யும் அம்புகளின் இறகு, நாக், வண்ணப் பட்டை எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதனால் மாற்று நாக் வாங்கும்போது நிறத்தை மறக்காதீர்கள். ஒளிரும் நாக்குக்கு அனுமதி இல்லை. ரிகர்வ் சைட்டில் லென்ஸ், நீர்மட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட குறிமுள் எதுவும் கூடாது. அவற்றில் லென்ஸும் நீர்மட்டமும் காம்பவுண்டுக்கு (கப்பி வைத்த வில்லுக்கு) மட்டும் உண்டு. காம்பவுண்டின் உச்ச எடை 60 பவுண்டைத் தாண்டக் கூடாது. பேர்போ (சைட் இல்லாத வில்) எய்பவர்கள் நாண் கழற்றிய வில், எடைகளோடு சேர்த்து, 12.2 செ.மீ. வளையத்துக்குள் நுழைகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். தடித்த அட்டையில் அந்த விட்டத்துக்கு வட்டம் வெட்டி, ரைசரை நுழைத்துப் பார்த்தால் முடிந்தது.